பாட்டி கதையும் பதிவேடும்

“எங்கள் கொள்ளுப்பாட்டி ஒரு செரோக்கி இளவரசி!”

அமெரிக்க நாட்டின் தென்மாநிலங்களில், வெள்ளையர் மாளிகைகளிலும் கறுப்பின மக்களின் குடில்களிலும், தலைமுறை தலைமுறையாக ஒலித்துவரும் சொல் இது. சொல்பவர் பொய்யர் அல்லர். தந்தை சொல்லக் கேட்டவர். தந்தையோ தம் தாய் சொல்லக் கேட்டவர். அந்தத் தாய் யார் சொல்லக் கேட்டார்? அங்கேதான் நூல் அறுந்து கிடக்கிறது. நூல் அறுந்த இடத்தில் வரலாறு நின்றுவிட, கதை மட்டும் கைவீசி நடக்கிறது!

2010ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தம்மைச் செரோக்கி என்றோ, செரோக்கிக் கலப்புடையவர் என்றோ எழுதிக்கொடுத்தவர்கள் 8,19,105 பேர். அதே காலத்தில், அந்நாட்டுத் துரைத்தனம் ஏற்றுக்கொண்ட மூன்று செரோக்கி அரசுகளின் உறுப்பினர் பதிவேடுகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தாலும் அந்தத் தொகையில் பாதியைக்கூட எட்டவில்லை. எஞ்சிய இலட்சக்கணக்கானோர் யார்? ஏடறியாத உறவினரா? ஏமாந்தவரா? ஏதோ ஒன்றை மறைக்க எண்ணிய மூதாதையரின் வழிவந்தோரா?

குடிவழி ஆராய்ச்சியை ஓய்வு பெற்றவரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். செரோக்கிக் குடிவழியைத் தேடிப் புறப்படுபவர் அவ்விதம் எண்ண இயலாது. அவர் புரட்டும் ஒவ்வோர் ஏட்டின் பின்னாலும் பறிபோன நிலம் இருக்கிறது. பறித்தவன் பேனா இருக்கிறது. ஏட்டிலிருந்து தள்ளி வைக்கப்பட்டவன் கண்ணீர் இருக்கிறது. அதைத்தான் நாம் இங்கே காண விழைகிறோம்.

முதலில் அந்த இளவரசியைக் கவனிப்போம். இளவரசி இருக்க வேண்டுமானால் அரசன் இருந்தாக வேண்டும். செரோக்கி மக்களிடம் அரசனும் இல்லை, அரண்மனையும் இல்லை. அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதியில், இன்று டென்னசி, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா என்று வழங்கும் நிலங்களில், ஊர்தோறும் மன்றம் கூடிப் பேசி முடிவெடுத்து வாழ்ந்த மக்கள் அவர்கள். குலங்கள் ஏழு. தாய் எந்தக் குலமோ, பிள்ளையும் அந்தக் குலம். மணமானதும் மனைவியின் குடும்பத்தாரிடம் சென்று வாழ்பவன் ஆண்மகன். வீடும் விளைநிலமும் பெண்ணின் பொறுப்பு.

1730இல் சர் அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அந்த மலைகளுக்குச் சென்று, டெல்லிக்கோ ஊரின் மாய்ட்டாய் என்பவரைச் செரோக்கிகளின் ‘பேரரசர்’ என்று அறிவித்தார். எழுவரைக் கப்பலேற்றி இலண்டனுக்கும் அழைத்துச் சென்றார். பேரரசர் தேவைப்பட்டது செரோக்கிகளுக்கன்று, ஆங்கிலேயருக்கு! ஊர்தோறும் மன்றத்தாரிடம் பேசி இசைவு பெறுவது கடினம். ஒருவன் தலையில் முடியைச் சூட்டி, அவன் கைநாட்டைப் பெறுவது எளிதன்றோ! அத்தகைய ஐரோப்பியக் கண்ணுக்குத்தான் ஊர்த் தலைவர் அரசராகவும், அவர் மகள் இளவரசியாகவும் தெரிந்தனர். ஆகவே, குடும்பக் கதையில் ‘இளவரசி’ என்ற சொல் வந்தவுடனேயே ஆராய்ச்சியாளர் எச்சரிக்கை கொள்கிறார். அது செரோக்கி வீட்டில் பிறந்த சொல்லன்று.

அந்த மக்களின் உண்மைப் பெருமை வேறு. ஆங்கிலம் படிக்கத் தெரியாத செக்கோயா என்பவர், பல ஆண்டுகள் தனியே உழைத்து, 1821இல் தம் மொழிக்கு எழுத்து வகுத்து முடித்தார். எண்பத்தைந்து எழுத்துக்கள், சில ஆண்டுகளில் நாட்டு மக்களிற் பெரும்பாலோர் தம் மொழியைப் படிக்கவும் எழுதவும் கற்றனர். 1827இல் எழுதப்பட்ட அரசியல் சட்டம் உருவாயிற்று. 1828 பிப்ரவரி 21ஆம் நாள், தலைநகர் நியூ எக்கோட்டாவிலிருந்து ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ என்ற இதழ், இரு மொழிகளில், எலியாஸ் பூடினாட்டை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. ‘காட்டுமிராண்டிகள்’ என்று அண்டை மாநிலத்தார் ஏசிக்கொண்டிருந்த காலத்திலேயே இத்தனையும்!

ஏசியவர்களுக்கு வேண்டியிருந்தது நிலம். ஜார்ஜியாவில் பொன் கிடைத்ததும் அந்தப் பசி வெறியாயிற்று. முதற்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் 1830 மே 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் கையொப்பமிட்டார். செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று 1832இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். தீர்ப்பு ஏட்டில் இருந்தது; அதே ஆண்டு ஜார்ஜியா மாநிலமோ செரோக்கிகளின் நிலங்களைக் கூறு போட்டுக் குலுக்குச் சீட்டு நடத்தியது! 1835 டிசம்பர் 29ஆம் நாள், மக்களின் தலைவர் ஜான் ராஸும் அவருடைய மன்றமும் இசையாத நிலையில், ஒரு சிறு குழுவினர் நிலம் முழுவதையும் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டனர். எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு முறையிட்டும், செனட் சபை தேவைக்கு ஒரே ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்று அதை நிறைவேற்றியது.

1838இல் படை வந்தது. ஏறத்தாழ 16,000 பேர் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டு, முகாம்களில் அடைக்கப்பட்டு, மேற்கே ஓட்டிச் செல்லப்பட்டனர். நோயிலும் பசியிலும் குளிரிலும் மாண்டவர் ஏறத்தாழ 4,000 பேர் என்பர். ‘கண்ணீர்த் தடம்’ என்று வரலாறு அதற்குப் பெயரிட்டது.

இனி, கதை முளைத்த காலத்தைக் காண்க! செரோக்கிகள் விரட்டப்பட்ட பிறகு, 1840களிலும் 1850களிலும்தான், செரோக்கிக் குருதி தம்மிடம் உண்டு என்று தென்மாநில வெள்ளையர் உரிமை பாராட்டத் தொடங்கினர் என்று வரலாற்றாசிரியர் கிரிகரி ஸ்மிதர்ஸ் எடுத்துக்காட்டுகிறார். மண்ணின் மைந்தர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ள அது உதவிற்று. மண்ணுக்குரியவன் மண்ணிலே நிற்கும்வரை அவன் உறவு வேண்டாதது; அவன் ஓட்டப்பட்டு, அவன் வீடு சீட்டு விழுந்தவன் வீடான பின்னர், அவன் மகள் பாட்டியாகிறாள்! வீட்டைப் பறித்தது போதாதென்று பாட்டியையும் பறித்துக்கொண்டார்கள்.

எல்லாக் கதையும் பொய்யா? அல்ல. செரோக்கிப் பெண்டிரை மணந்த வெள்ளை வணிகர் உண்டு. அவர்தம் வழியினர் ஆயிரக்கணக்கில் உண்டு. ஓட்டப்படாமல் வட கரோலினா மலைகளில் தங்கிவிட்ட ஏறத்தாழ ஆயிரம் பேரின் வழியினரே இன்றைய கிழக்குச் செரோக்கிக் குழுவினர். ஆகவே, கதையைக் கேட்டவுடன் சிரிப்பதும் பகுத்தறிவன்று. கேட்டவுடன் நம்புவதும் பகுத்தறிவன்று. தேட வேண்டும், தேடுவதற்கு முறை உண்டு.

முறை எளியது. செரோக்கியிடமிருந்து தொடங்காதே, உன்னிடமிருந்து தொடங்கு என்பதே அதன் முதல் விதி. தன் பிறப்புச் சான்று, பெற்றோர் மணச்சான்று, பாட்டனின் இறப்புச் சான்று, நிலப்பத்திரம், உயில், பத்தாண்டுக்கொருமுறை எடுத்த குடிக்கணக்கு என ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் படியிறங்க வேண்டும். யார் என்பதோடு எங்கே, எப்போது என்ற இரண்டும் கிடைத்தாக வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் செரோக்கிகள் எவரும் வாழ்ந்திராத ஊரில் குடும்பம் இருந்ததாக ஏடு சொன்னால், கதை அங்கேயே தள்ளாடத் தொடங்கிவிடும்.

அதன் பின்னரே செரோக்கிப் பட்டியல்கள். உலகில் இத்துணைப் பட்டியல் எழுதப்பட்ட சிறு மக்களினம் அரிது. 1835இல், ஓட்டுவதற்கு முன் எண்ணினார்கள்; அந்தக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே காணும். 1851இல் மேற்கே சென்றோர்க்கு டிரென்னன் பட்டியல். அதே ஆண்டு கிழக்கே தங்கினோர்க்கு சைலர் பட்டியல். 1852இல் சாப்மன் பட்டியல். 1884இல் ஹெஸ்டர் பட்டியல். 1924இல் பேக்கர் பட்டியல். பணம் கொடுக்க ஒரு பட்டியல், நிலம் பிரிக்க ஒரு பட்டியல்! எண்ணப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் எண்ணப்பட்டார்கள் அல்லர்.

இவற்றுள் பெரியவை இரண்டு. ஒன்று டாஸ் பட்டியல். 1893இல் அமைக்கப்பட்ட டாஸ் குழுவுக்கு இடப்பட்ட பணி, செரோக்கி முதலான ஐந்து மக்களினங்களின் பொது நிலத்தை உடைத்துத் தனியார் துண்டுகளாக்குவது. செரோக்கி ஒருவருக்கு, சராசரி மதிப்புள்ள 110 ஏக்கருக்கு ஈடான நிலம். நிலம் என்றதும் நாடெங்கும் ‘செரோக்கிகள்’ முளைத்தனர்! ஐந்து இனங்களுக்குமாக இரண்டரை இலட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தனர். ஏற்கப்பட்டவர் ஓர் இலட்சத்துக்குச் சற்று மேல். அதே வேளையில் ரெட்பேர்ட் ஸ்மித் என்ற பெரியவரின் தலைமையில் உண்மைச் செரோக்கிகள் பலர் பெயர் கொடுக்க மறுத்தனர். பொது நிலத்தை உடைப்பது தம் மக்களையே உடைப்பதாகும் என்று கருதினர். பதிய மறுத்ததற்காக 1902இல் அவர் சிறைப்படுத்தப்பட்டார். பொய்யுரிமை கொண்டோர் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். உரியவர் உள்ளே வர மறுத்துச் சிறை செல்கிறார்! 1907 மார்ச்சில் பட்டியல் மூடப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அந்த நிலம் ஓக்லஹோமா மாநிலத்துள் அடங்கிற்று.

மற்றொன்று கையன் மில்லர் பட்டியல். பழைய ஒப்பந்தங்களை மீறியதற்காகக் கிழக்குச் செரோக்கிகளுக்குப் பத்து இலட்சம் டாலருக்கு மேல் ஈடு தர வேண்டும் என்று 1906இல் தீர்ப்பாயிற்று. உரியவர் யார் என்று ஆராய மில்லர் அமர்த்தப்பட்டார். வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 46,000. அவற்றில் உரிமை கோரியோர் ஏறத்தாழ 90,000 பேர். ஏற்கப்பட்டோர் 30,000க்குச் சற்று மேல். மூவரில் இருவர் தள்ளப்பட்டனர். ஆனால், தள்ளப்பட்ட விண்ணப்பங்களையும் ஆராய்ச்சியாளர் பொன்னாகப் போற்றுகின்றனர். பாட்டன், பாட்டி, மாமன், அத்தை, பிறந்த ஊர், செரோக்கிப் பெயர் அனைத்தையும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பல குடும்பங்களில் ‘செரோக்கிப் பாட்டி’ முதன்முதலாகத் தாளில் தோன்றுவதே, டாலர் தோன்றிய அந்த ஆண்டில்தான் என்பதையும் அந்தத் தாள்களே காட்டிக்கொடுக்கின்றன!

பட்டியலில் பெயர் இல்லாததனாலேயே முன்னோர் இல்லை என்று ஆகிவிடாது. மலைக்குள் ஒளிந்தவரும், வெள்ளையருள் கலந்து பெயர் மாற்றிக்கொண்டவரும் உண்டு. ஆயினும், சான்று காட்ட வேண்டிய கடமை உரிமை கொண்டாடுபவருடையது. ‘இல்லை என்று நீ காட்டு’ என்பது வாதமாகாது.

ஏன் எப்போதும் பாட்டி? டீலோரியா என்ற சூ இனத்து அறிஞர் 1969இல் வெளியிட்ட நூலில் இதைக் கேலி செய்திருக்கிறார். தம்மிடம் வந்து உறவு சொன்ன வெள்ளையர் ஏறக்குறைய அனைவருமே பாட்டி வழியைத்தான் சொன்னார்களாம்; தாத்தா வழி சொல்லக் காணோமாம். காரணம் தெளிவு. பாட்டி என்றால் வெள்ளைப் பாட்டன் அவளைக் கொண்டான் என்றாகும். தாத்தா என்றால் வெள்ளைப் பெண் முதற்குடியானை மணந்தாள் என்றாகும். முன்னதில் பெருமை, பின்னதில் இழிவு — நிறவெறியின் கணக்கு அது!

அந்தக் கணக்கை வர்ஜீனியா மாநிலம் சட்டமாகவே எழுதிவைத்தது. 1924இல் இயற்றிய இனத்தூய்மைச் சட்டத்தின்படி, வெள்ளையல்லாத குருதி சிறிதேனும் இருப்பின் ஒருவர் வெள்ளையர் அல்லர். ஆனால், ஒரு விலக்கு! பதினாறில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோ முதற்குடிக் குருதி இருந்தால் மட்டும் வெள்ளையராகவே கொள்ளப்படுவர். ஏன் அந்தச் சலுகை? 1614இல் ஆங்கிலேயர் ஒருவரை மணந்த பொக்கஹொன்ட்டாஸ் என்ற பவ்ஹாட்டன் பெண்ணின் வழிவந்தோர் என்று பெருமை பேசிய உயர்குடிகள் அம்மாநிலத்தில் இருந்தார்கள். கறுப்பினக் குருதி ஒரு துளி எனினும் களங்கம். முதற்குடிக் குருதி ஒரு துளி எனின் அணிகலன். 1967இல் கலப்பு மணத் தடையை நாட்டின் உச்சநீதிமன்றம் தகர்க்கும்வரை இந்தச் சட்டம் ஆட்சி செய்தது. நிறம் சற்று மங்கலான குழந்தை வெள்ளைக் குடும்பத்தில் பிறந்தால் என்ன சொல்வார்கள்? கறுப்பின மூதாட்டி என்று சொன்னால் பள்ளி, வாக்கு, மணம் அனைத்தும் போகும். ‘செரோக்கிப் பாட்டி’ என்று சொன்னால் போதும். அந்தப் பாட்டியின் முக்காட்டுக்குள் எத்தனை கறுப்பினப் பாட்டிகள் மறைக்கப்பட்டனரோ!

இந்த வேடத்தின் உச்சியைக் காண வேண்டுமானால் 1976இல் ஃபாரஸ்ட் கார்ட்டர் என்பவர் வெளியிட்ட நூலைக் கருதலாம். செரோக்கிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்த அனாதைச் சிறுவனின் தன்வரலாறாக அது விற்கப்பட்டது, படித்தோர் உருகினர். எழுதியவர் யார்? ஆசா கார்ட்டர் — கு கிளக்ஸ் கிளான் குழுவில் இருந்தவர். அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸுக்கு, நிறப்பிரிவினை என்றென்றும் நீடிக்கும் என்ற சொற்பொழிவை எழுதித் தந்தவர்! 1991இல் வரலாற்றாசிரியர் டான் கார்ட்டர் இந்த உண்மையை நாடறிய எடுத்துரைத்தார். நிறவெறியன் ஒருவன் தூய உள்ளம் படைத்தவனாகத் தோன்ற எடுத்தணிந்த சட்டை, செரோக்கிச் சட்டை!

“ஏடு எதற்கு? இப்போது விஞ்ஞானம் இருக்கிறதே!” என்பர் சிலர். எச்சிலைக் குப்பியில் இட்டு அனுப்பினால் குடிவழி வீடு தேடி வரும் காலம் இது. விஞ்ஞானம் சொல்வதை முழுமையாகக் கேட்போம். முதற்குடி மரபணுவின் அடையாளம் சிறிதளவு இருக்கிறதென்று சோதனை காட்டக்கூடும். அது செரோக்கியுடையதா, வேறு இனத்ததா என்று எந்தச் சோதனையும் சொல்லாது. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள்; அவர்களுள் பலருடைய மரபணு ஒரு துளியும் நம்மிடம் வந்து சேராமலே போயிருக்கும். 2015இல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று, அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் முதற்குடி மரபுக்கூறு சராசரியாக நூற்றுக்கு 0.8 பங்கு என்றும், வெள்ளையரிடம் 0.18 பங்கு என்றும் கண்டது. பாட்டிகளின் எண்ணிக்கையோடு இந்தக் கணக்கு எங்கே பொருந்துகிறது? 2018இல் செனட் உறுப்பினர் எலிசபெத் வாரன் சோதனை முடிவை வெளியிட்டார்; ஆறு முதல் பத்துத் தலைமுறைக்கு முன் ஒரு முன்னோர் இருந்திருக்கலாம் என்றது அது. செரோக்கி அரசு அதை வன்மையாக மறுத்துரைத்தது: எம் குடியுரிமை எம் சட்டத்தால் வருவது, சோதனைக் குப்பியால் வருவதன்று என்பது அதன் கருத்து. அடுத்த ஆண்டு அவர் வருத்தம் தெரிவித்தார்.

இதுவரை பார்த்தது, இல்லாத உறவைக் கொண்டாடியோர் கதை. உள்ள உரிமையை மறுக்கப்பட்டோர் கதையும் உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் நாம் பாதி உண்மை எழுதியவராவோம்.

செரோக்கிச் செல்வர்கள், வெள்ளையரைப் பார்த்து, கறுப்பின மக்களை அடிமை கொண்டனர். 1835ஆம் ஆண்டுக் கணக்கில் அடிமைகள் 1,592 பேர். கண்ணீர்த் தடத்தில் அவர்களும் நடந்தார்கள். அவர்கள் கண்ணீருக்கு மட்டும் தடம் இல்லை! உள்நாட்டுப் போருக்குப் பின், 1866ஆம் ஆண்டு ஒப்பந்தம், விடுதலை பெற்ற அம்மக்களுக்கும் அவர்தம் வழியினருக்கும் செரோக்கிகளுக்குள்ள உரிமை அனைத்தும் உண்டு என்றது. டாஸ் குழு என்ன செய்தது? ‘குருதி வழியினர்’ என்று ஒரு பட்டியல். ‘விடுதலை பெற்றோர்’ என்று தனிப் பட்டியல். செரோக்கித் தந்தைக்குப் பிறந்தவராயினும், கறுப்பினச் சாயல் தெரிந்தால் இரண்டாம் பட்டியலே. அந்தச் சீட்டில் குருதிப் பங்கு எழுதப்படவில்லை. அடிமைப்படுத்திய உரிமையாளர் பெயர் எழுதப்பட்டது! இன்று தம் குடிவழியைத் தேடும் அம்மக்களின் பேரர்கள், பாட்டனின் பெயருக்கருகே அவனை உடைமையாக வைத்திருந்தவனின் பெயரைப் படிக்க வேண்டியிருக்கிறது.

நூற்றாண்டு கழிந்தும் அந்தக் கோடு அழியவில்லை. 1980களில் அவர்களுடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. 2006இல் செரோக்கி நீதிமன்றம் திருப்பித் தந்தது. 2007இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தோரில் நான்கில் மூன்று பங்கினர் ‘குருதி வழி’யே வேண்டும் என்றனர். ஒடுக்கப்பட்டவன், தன்னை ஒடுக்கியவனின் அளவுகோலையே எடுத்துத் தனக்குக் கீழுள்ளவனை அளந்த கொடுமை அது! 2017இல் கூட்டரசு நீதிமன்றம் 1866 ஒப்பந்தம் உயிரோடிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் செரோக்கி நாட்டின் உச்சநீதிமன்றமே, தன் அரசியல் சட்டத்திலிருந்து ‘குருதி வழி’ என்ற சொற்களை நீக்கிற்று. வெளியார் யாரும் அடிக்காமல் தன் கையாலேயே அடித்த அந்தக் கோட்டுக்காக அந்நாட்டை நாம் பாராட்டுகிறோம்.

இன்று செரோக்கி நாட்டின் குடியினர் நாலரை இலட்சத்துக்கு மேல். டாஸ் பட்டியலில் உள்ள ஒருவரின் நேர்வழியினர் என்று காட்டினால் போதும். இத்தனை பங்கு குருதி என்ற அளவு கிடையாது. கிழக்குக் குழு பேக்கர் பட்டியலோடு பதினாறில் ஒரு பங்கு கேட்கிறது. ஐக்கிய கீட்டூவா குழு நான்கில் ஒரு பங்கு கேட்கிறது. ஒரே முன்னோரின் பேரர்களை மூன்று சட்டங்கள் மூன்று விதமாக அளக்கின்றன. குருதி என்பது இயற்கை வகுத்த கோடு என்று நம்புவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்!

ஆகவே தோழர்களே, குடிவழி தேடுவது வீண்வேலை என்று நாம் சொல்லவில்லை. நன்றாகத் தேடுபவர் இளவரசியைத் தேடிப் போய், பட்டியல் எழுதிய அதிகாரியைச் சந்திக்கிறார். குலுக்குச் சீட்டில் வீடு பெற்றவனைச் சந்திக்கிறார். மறைத்து வைக்கப்பட்ட கறுப்பினப் பாட்டியைச் சந்திக்கிறார். தாம் விரும்பிய முன்னோர் கிடைக்காமல், இருந்த முன்னோர் கிடைக்கிறார். அவரை ஏற்றுக்கொள்ளும் நெஞ்சுரம் உள்ளவருக்கே இந்த ஆராய்ச்சி பயன் தரும்.

கொள்ளுப்பாட்டி செரோக்கியாக இருந்தாள் என்றே வைத்துக்கொள்வோம். அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி, “உன் குருதியில் எனக்கு எத்தனை பங்கு?” என்பதா? “உன் நிலம் எங்கே? அதை எடுத்துக்கொண்டவர் யார்? உன்னோடு நடந்தும் ஏட்டில் ஏறாதவர் யார்?” என்பவை அல்லவா? இந்தக் கேள்விகளைக் கேட்கத் துணிபவருக்குப் பதிவேடு வாய் திறக்கும். பெருமைக்கு அலைபவருக்கோ பாட்டி கதைதான் மிஞ்சும்!